பாராசூட் மடித்தவரின் பதில்கள்

சென்ற மாதம் ஒரு வாசகர், விமானம் விழும்போது விமானி எப்படித் தப்பிக்கிறார் என்று கேட்டிருந்தார். இருக்கையோடு மேலே எறியப்படுவது, பாராசூட் விரிவது எல்லாம் எழுதி, 'தரையில் இறங்கிவிடுவார்' என்று முற்றுப்புள்ளி வைத்தேன். அந்த முற்றுப்புள்ளிதான் வம்பாகப் போயிற்று. இறங்கிய இடம் எதிரி நாடாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டு வந்த கடிதங்களை வைத்தே இந்த மாதப் பகுதியை நிரப்பிவிடலாம் போலிருக்கிறது. நிரப்பிவிட்டேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விமானப் படையில் நான் விமானி இல்லை. சேஃப்டி எக்விப்மென்ட் பிரிவில் வேலை பார்த்தவன். பாராசூட், ஜி-சூட், லைஃப் ஜாக்கெட், உயிர்காப்புப் பை என்று விமானி தன் உடம்போடு கொண்டுபோகிற சாமான்கள் எங்கள் மேஜையைத் தாண்டித்தான் போகும். அதனால் என் பதில்களில் வீரத்தைவிடச் சாமான் கொஞ்சம் அதிகமாக இருக்கும்.

கேள்வி: 2025 ஆகஸ்டில் குரூப் கேப்டன் திலீப் பருல்கர் காலமானார் என்று செய்தி வந்தது. பாகிஸ்தான் சிறையிலிருந்து தப்பியவர் என்று இரண்டே வரி. யார் இவர்? உண்மையிலேயே தப்பினாரா? (கல்லூரி மாணவி, மதுரை)

தப்பினார். ஆனால் ஊர் வந்து சேரவில்லை. இரண்டும் உண்மை.

1965 போரிலேயே பருல்கருக்கு அடி விழுந்துவிட்டது. எதிரி சுட்டதில் கையில் காயம். அந்தக் கையோடு விமானத்தை ஓட்டி வந்து இறக்கினார். அதற்கு வாயு சேனா பதக்கம் கிடைத்தது. 1971 போரில் சுகோய்-7 ஓட்டினார். டிசம்பர் 10 அன்று ஜஃபர்வால் பக்கம் தாக்கப் போனபோது விமானம் சுடப்பட்டது. வெளியே குதித்தவர் பாகிஸ்தான் மண்ணில் இறங்கினார், பிடிபட்டார். ஒரு நாள் நான் பிடிபட்டால் தப்பித்து வருவேன் என்று போருக்குச் சில வருடம் முன்பே தன் கமாண்டிங் ஆஃபீசரிடம் சொல்லி வைத்திருந்த மனிதர் அவர். மெஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு எல்லோரும் சொல்வதுதான் அது. இவர் அதைக் கடன்போல ஞாபகம் வைத்திருந்தார்.

ராவல்பிண்டியில் பாகிஸ்தான் விமானப் படையின் பொறுப்பில் இருந்தது அந்த முகாம். இந்திய விமானிகள் பன்னிரண்டு பேர் அங்கே வந்து சேர்ந்தார்கள். முதலில் தனித்தனி அறை, விசாரணை. அப்புறம் சேர்ந்து பேச, சாப்பிட விட்டார்கள். மூத்தவர் விங் கமாண்டர் கொயெல்ஹோ. முதுகெலும்பில் அடிபட்டு மாவுக்கட்டோடு கிடந்தவரும் அந்தப் பன்னிரண்டில் உண்டு. முகாமுக்குப் பொறுப்பாக இருந்த ஸ்க்வாட்ரன் லீடர் உஸ்மான் ஹமீது கைதிகளைக் கண்ணியமாக நடத்தினார் என்று அங்கே இருந்தவர்களே பிற்பாடு சொன்னார்கள். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், கடைசியில் வரும்.

இப்போது சாமான்களுக்கு வருகிறேன். எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே இந்த இடம்தான்.

தப்பிக்க என்னவெல்லாம் வேண்டும்? வழி தெரிய வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அட்லஸ் ஒன்று கிடைத்தது. திசை தெரிய வேண்டும். ஊசியைக் காந்தமாக்கித் திசைகாட்டி செய்துகொண்டார்கள். பணம் வேண்டும். போர்க்கைதிகளுக்கு மாதாமாதம் கைச்செலவுக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஜெனீவா ஒப்பந்தம். அந்தப் பணத்தில் மிச்சம் பிடித்தார்கள். தண்ணீர் வேண்டும். அதற்குப் பாத்திரம்? இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜி-சூட்டின் ரப்பர் பையை எடுத்துத் தண்ணீர்ப் பை ஆக்கிக்கொண்டார்கள்.

ஜி-சூட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். போர் விமானம் வேகமாகத் திரும்பும்போது உடம்பின் எடை ஐந்து மடங்கு, ஆறு மடங்கு ஆனதுபோல அழுத்தும். ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிவிடும், மூளைக்குப் போகாது, கண் இருட்டிக்கொண்டு வரும். அதைத் தடுக்க இடுப்புக்குக் கீழே இறுக்கமாக ஓர் உடை. வயிற்றிலும் தொடைகளிலும் கெண்டைக்கால்களிலும் அதற்குள் ரப்பர் பைகள் இருக்கும். விமானம் திரும்பினால் எஞ்சினிலிருந்து காற்று வந்து பைகள் உப்பி, காலை நெரித்து, ரத்தத்தை மேலேயே நிறுத்தும். அந்தப் பையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் நாங்கள் சோதனையில் தள்ளிவிடுவோம். காற்று அடைத்து, அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு நிற்போம். முள் இறங்கினால் உடை ஒதுக்கப்படும். அப்படிப் பார்த்துப் பார்த்து அனுப்பின பையில் ஒருவர் தண்ணீர் நிரப்பிக்கொண்டு நடந்திருக்கிறார் என்று படித்தபோது, காற்று போகாத பையில் தண்ணீர் எப்படிப் போகும் என்று எனக்கு ஒரு சந்தோஷம். அந்தப் பையைச் சோதித்தவன் நான் இல்லை, என் காலத்துக்கு முந்தியது. ஆனாலும்.

பருல்கரோடு சேர்ந்தவர்கள் இரண்டு பேர்: ஃப்ளைட் லெஃப்டினன்ட் கிரேவால், ஃப்ளையிங் ஆஃபீசர் ஹரீஷ் சின்ஜி. ஓர் அறையின் பின்சுவரைக் குடைந்தார்கள். கையில் கிடைத்த சின்னச் சின்னக் கருவிகளை வைத்து இரவில் செங்கல் செங்கலாகப் பெயர்ப்பது, பகலில் சுவர் சுவராகவே இருப்பதுபோல் காட்டுவது. மற்றவர்கள் காவல் பார்த்தார்கள், சத்தம் வெளியே கேட்காமல் பார்த்துக்கொண்டார்கள். போகிறவர்கள் மூன்று பேர்தான். போன பிறகு வரப்போகிற கஷ்டம் மற்றவர்களுக்கு. அதைத் தெரிந்துகொண்டே உதவியவர்களைப் பற்றிச் செய்தியில் ஒரு வரியும் வருவதில்லை.

1972 ஆகஸ்ட் 12 ராத்திரி, 13 விடிவதற்குள் வெளியே வந்தார்கள். புழுதிக்காற்று வீசி, காவல்காரர் ஒதுங்கியிருந்த நேரம். ராவல்பிண்டித் தெருவில் ஜனங்களோடு ஜனமாக நடந்து பெஷாவர் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். கிழக்கே இந்திய எல்லையில் இரண்டு பக்கமும் ராணுவம் நிற்கிறது. அதனால் மேற்கே ஆப்கானிஸ்தான். பெஷாவர், ஜம்ரூத், அங்கிருந்து கைபர் கணவாய் வழியாக லண்டி கோத்தல். எல்லை இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர். அதுவரை எந்தக் கேள்வியும் இல்லை.

லண்டி கோத்தலில் ஒரு கேள்வி கேட்டார்கள். கேட்டது அவர்கள்தான்: "லண்டி கானாவுக்கு எப்படிப் போவது?"

லண்டி கானா என்பது ரயில் பாதையில் லண்டி கோத்தலுக்கு அடுத்து, எல்லையை ஒட்டி இருந்த நிலையம். வெள்ளைக்காரர்கள் 1926-ல் அதுவரை ரயில் விட்டார்கள், 1932-ல் மூடிவிட்டார்கள். நாற்பது வருடமாக ரயில் போகாத ஊருக்கு யாரும் வழி கேட்பதில்லை. வரைபடத்தில் மட்டும் அது உயிரோடு இருந்தது. அந்த நேரத்தில் பாகிஸ்தானில் மாட்டிக்கொண்ட வங்காளிகள் பலர் அந்தக் கணவாய் வழியாகத்தான் காபூலுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அதனால் தாசில்தார் அலுவலக ஆள் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. பிடித்து உட்காரவைத்து விட்டார்கள். பருல்கர் 'பிலிப் பீட்டர்' என்ற பெயரில், தாங்கள் பாகிஸ்தான் விமானப் படை ஆட்கள் என்று சாதித்துப் பார்த்தார். எடுபடவில்லை. அந்த மலைப் பகுதியில் ஒற்றன் என்று முடிவு கட்டினால் விசாரணை நீளாது. அப்போது அவருக்குத் தோன்றியது ஒரு போன். முகாமில் இருந்த உஸ்மான் ஹமீது அதற்குள் பாகிஸ்தான் விமானப் படைத் தளபதியின் உதவி அதிகாரியாகப் போயிருந்தார். அவரைக் கூப்பிடச் சொன்னார். அந்தப் பக்கம் குரலைக் கேட்டதும் உஸ்மானுக்குப் புரிந்துவிட்டது. இவர்கள் மேல் கை வைக்காதீர்கள் என்றார். உயிர் தப்பியது.

எங்கள் பிரிவில் பாராசூட்டுக்குத் தேதி உண்டு, ரப்பருக்குத் தேதி உண்டு, தண்ணீர் டப்பாவுக்குத் தேதி உண்டு. அதைத் தாண்டிவிட்டால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கழித்துக் கட்டிவிடுவோம். இந்தக் கதையில் தேதி பார்க்காமல் போன ஒரே சாமான் அந்த அட்லஸ்.

பிறகு முகாமில் இருந்த எல்லோரையும் லயல்பூர் சிறைக்கு மாற்றினார்கள்; இன்றைக்கு ஃபைசலாபாத். 1972 டிசம்பர் 1 அன்று வாகா வழியாக அனைவரும் ஊர் திரும்பினார்கள். பருல்கர் தொடர்ந்து பணியில் இருந்து குரூப் கேப்டனாக ஓய்வு பெற்றார். தப்பிக்க முயன்றதற்காக அவருக்கு விசிஷ்ட சேவா பதக்கம் கிடைத்தது. பாதியில் நின்ற காரியத்துக்கு அரசாங்கம் பதக்கம் கொடுப்பது அபூர்வம்.

கேள்வி: போர் டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. ஆகஸ்ட் வரை ஏன் சிறையில் வைத்திருந்தார்கள்? அதோடு, கைதி சிறையை உடைப்பது குற்றமில்லையா? அதற்குப் பதக்கம் வேறா? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்)

ஐயா, இரண்டுமே நல்ல கேள்விகள். முதலாவதை அந்த மூன்று பேரே தங்களுக்குள் கேட்டிருப்பார்கள்.

சண்டை நின்றதும் தாமதிக்காமல் கைதிகளை விட்டுவிட வேண்டும் என்று 1949-ன் மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தம் சொல்கிறது. காகிதத்தில் அவ்வளவுதான். ஆனால் நம்மிடம் சுமார் 93,000 பாகிஸ்தான் கைதிகள். அவர்களிடம் நம்மவர்கள் சில நூறு பேர். கிழக்கே சரணடைந்தது இந்திய-வங்காளதேசக் கூட்டுப்படையிடம் என்பதால் வங்காளதேசத்தையும் கேட்க வேண்டும். பாகிஸ்தானோ அந்த நாட்டை அங்கீகரிக்கவே இல்லை. 1972 ஜூலை 2 சிம்லா ஒப்பந்தத்திலும் கைதிகள் விஷயம் முடிவாகவில்லை. ஜூலையில் அந்தச் செய்தியைக் கேட்டவர்கள் ஆகஸ்டில் சுவரைத் தாண்டியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நம்மிடம் இருந்த பெரும் கூட்டம் முழுதாகத் திரும்பிப் போக 1974 ஆகிவிட்டது.

இரண்டாவது கேள்வி. திருடன் சிறையை உடைப்பதும் போர்க்கைதி உடைப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. போர்க்கைதி எந்தக் குற்றமும் செய்யவில்லை. தன் வேலையைச் செய்தவர், அவ்வளவே. தப்பிக்க முயல்வது சிப்பாயின் சுபாவம் என்று அந்த ஒப்பந்தமே ஒப்புக்கொண்டதுபோல எழுதப்பட்டிருக்கிறது. தப்பி ஓடிப் பிடிபட்டால் ஒழுங்கு நடவடிக்கை மட்டும்தான். 30 நாளுக்கு மேல் தண்டனை கூடாது. தப்பும்போது சாதாரண உடை போட்டதற்கோ, பொய்க் காகிதம் வைத்திருந்ததற்கோ தனியாக வழக்கு போடக்கூடாது. யாரையும் அடிக்கவோ கொல்லவோ கூடாது என்பது மட்டும் எல்லை. இன்னொரு வேடிக்கை: எல்லையைத் தாண்டிவிட்டால், அல்லது தன் படையோடு சேர்ந்துவிட்டால், தப்பித்தல் 'வெற்றி' என்று கணக்கு. பிறகு வேறொரு சண்டையில் மறுபடி பிடிபட்டாலும் பழைய ஓட்டத்துக்குத் தண்டிக்க முடியாது. கண்ணாமூச்சி ஆட்டத்துக்கு விதி எழுதினதுபோல இருக்கும் அந்தப் பக்கங்கள். நேரம் கிடைத்தால் படித்துப் பாருங்கள், உங்களுக்குப் பிடிக்கும்.

கேள்வி: உயிர்காப்புப் பையில் என்னென்ன இருக்கும் அங்கிள்? சாக்லேட் இருக்குமா? (எட்டாம் வகுப்பு மாணவன், உடுமலைப்பேட்டை)

இருக்கும் தம்பி. சாக்லேட் மாதிரி சத்துள்ள, கெடாத தின்பண்டம் கட்டாயம் உண்டு. தண்ணீர், மருந்துக் கட்டு, கத்தி, தீப்பெட்டி, விசில், வெயிலை வாங்கித் திருப்பிக் காட்டுகிற கண்ணாடி, வானத்தில் சுடுகிற சிக்னல் வெளிச்சம். எங்கே பறக்கிறார்கள் என்பதைப் பொறுத்துச் சாமான் மாறும். கடல் என்றால் ரப்பர் படகு. பாலைவனம் என்றால் தண்ணீர் கூட.

அந்தத் தண்ணீர் எதற்கு என்று தெரிந்துகொள்ள ஒரு கதை சொல்கிறேன். 1971 டிசம்பர் 5. ஃப்ளைட் லெஃப்டினன்ட் ஜே.எல். பார்கவா, நம் நாட்டிலேயே செய்த மாருத் விமானத்தில் சிந்துப் பாலைவனத்துக்கு மேலே பறந்தார். தரையிலிருந்து சுட்டார்கள். குதித்தார். சுற்றிலும் மணல். அவர் செய்த முதல் காரியங்களைக் கவனி. பையிலிருந்து தண்ணீர் பாட்டில்களை எடுத்துக்கொண்டார். ஜி-சூட்டைக் கழற்றி ஒளித்தார். அதைப் பார்த்தால் விமானி என்று யாரும் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதாக, கைக்கடிகாரத்தைப் பாகிஸ்தான் நேரத்துக்குத் திருப்பிவைத்தார். அரை மணி நேர வித்தியாசம்தான். அதிலும் மாட்டிக்கொள்ளலாம் என்று அந்தப் பதற்றத்தில் அவருக்குத் தோன்றியிருக்கிறது பார்.

ஊர்க்காரர்களிடம் தன் பெயர் மன்சூர் அலி கான், பாகிஸ்தான் விமானப் படை, ராவல்பிண்டி என்றார். ராவல்பிண்டியில் எங்கே என்று கேட்டார்கள். மால் ரோடு என்றார். வெள்ளைக்காரன் பாளையம் போட்ட ஊரில் எல்லாம் ஒரு மால் ரோடு இருக்கும் அல்லவா! அது போதுமாக இருந்தது. கடைசியில் எல்லைக் காவல்காரர்கள் வந்து, முஸ்லிம் என்றால் கலிமா சொல்லு என்றார்கள். அது பையில் இல்லாத சாமான். பிடித்துக்கொண்டு போனார்கள். ராவல்பிண்டியில் பருல்கரோடு இருந்த பன்னிரண்டு பேரில் இவரும் ஒருவர். பின்னாளில் ஏர் கமோடர் ஆகி ஓய்வு பெற்றார்.

அப்புறம் தம்பி, அந்தச் சாக்லேட்டை நாங்கள் தின்றது கிடையாது. தேதி முடிந்ததைத் தின்றோமா என்று கேட்காதே.

கேள்வி: அபிநந்தன் வீடியோவில் 'அதை நான் சொல்லக்கூடாது' என்றாரே. பிடிபட்டவர் எதுவரை பேசலாம்? (வங்கி ஊழியர், கும்பகோணம்)

பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண். நாலே நாலு. இவற்றைச் சொல்ல வேண்டியது கட்டாயம். இவற்றுக்கு மேல் எதையும் சொல்லவைக்க அடிக்கவோ மிரட்டவோ கூடாது என்பது ஒப்பந்தம். நாலையும் சொல்வதில் கைதிக்கும் லாபம் உண்டு. பெயர் செஞ்சிலுவைச் சங்கத்தின் பட்டியலுக்குப் போய்விட்டால், 'அப்படி ஒருவர் எங்களிடம் இல்லையே' என்று கைவிரிப்பது கஷ்டம்.

2019 பிப்ரவரி 27 அன்று விங் கமாண்டர் அபிநந்தன் மிக்-21 பைசனில் போய், எல்லைக்கு அந்தப் பக்கம் பிம்பர் மாவட்டத்தில் இறங்கினார். கையில் இருந்த காகிதங்களில் சிலவற்றை வாயில் போட்டுக்கொண்டார், சிலவற்றைக் குளத்துத் தண்ணீரில் நனைத்துக் கெடுக்கப் பார்த்தார் என்று அந்த ஊர்க்காரர்கள் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்கள். மூக்கில் ரத்தம் வழிய நின்றபோதும் அவர் பேசியதைக் கேட்டால், நாலோடு நிறுத்திக்கொள்ளப் பழகியவர் என்று தெரியும். டீ நன்றாக இருக்கிறது என்றதை வைத்து எவ்வளவோ கேலி வந்தது. டீயைப் பற்றிச் சொல்வதில் ராணுவ ரகசியம் ஏதும் இல்லை; என்ன விமானம் ஓட்டினாய் என்ற கேள்விக்கு வாயைத் திறக்கவில்லை என்பதுதான் விஷயம்.

அந்த வீடியோவை எடுத்து ஊருக்கெல்லாம் காட்டியதுதான் தப்பு. கைதியை வேடிக்கைப் பொருள் ஆக்கக்கூடாது என்று அதே ஒப்பந்தம் சொல்கிறது. நாமும் அதை வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். என் பெயரும் அதில் உண்டு. அவர் பெற்றோர் சென்னையில் இருந்தார்கள், அதே போனைப் பார்த்துக்கொண்டு.

மார்ச் 1 ராத்திரி வாகாவில் நடந்து வந்தார். அவருக்கு வீர் சக்ரா கொடுத்தார்கள்.

கேள்வி: அப்பா பெரிய அதிகாரியாக இருந்தால் கைதிக்குச் சலுகை உண்டா? (குடும்பத்தலைவி, காரைக்குடி)

கேட்டால் கிடைக்கலாம். கேட்காத அப்பா ஒருவர் இருந்தார்.

1965 போரின் கடைசி நாள்களில் நந்தா கரியப்பா என்ற ஹன்ட்டர் விமானி சுடப்பட்டுப் பிடிபட்டார். அப்பா, இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தளபதி கே.எம். கரியப்பா; அப்போது ஓய்வு பெற்றிருந்தார். பாகிஸ்தானின் அதிபராக இருந்த அயூப் கான், பிரிவினைக்கு முன் அதே கரியப்பாவின் கீழ் வேலை பார்த்தவர். உங்கள் மகன் பத்திரமாக இருக்கிறான், வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன் என்ற மாதிரி சொல்லி அனுப்பினார். அங்கே இருக்கிற கைதிகள் எல்லோருமே என் பிள்ளைகள்தான், எல்லோரையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அவனுக்கு மட்டும் எதுவும் வேண்டாம் என்று கரியப்பா பதில் சொன்னார். மகன் மற்றவர்களோடுதான் வந்தார், 1966 ஜனவரியில். பின்னாளில் ஏர் மார்ஷல் வரை உயர்ந்தார்.

அந்தப் பதிலை அனுப்பிய ராத்திரி அந்த அப்பா தூங்கினாரா என்று எந்தப் பேட்டியிலும் யாரும் கேட்டதாக நான் படிக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு அதுதான் தோன்றியது.

கேள்வி: திரும்பி வந்தவர்கள் மறுபடியும் பறப்பார்களா? (பொறியாளர், கோவை)

மனசு தயாராக இருக்கும். முதுகு ஒத்துக்கொள்ள வேண்டும்.

இருக்கை வெளியே பாயும்போது உடம்பின் எடை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குப் பத்துப் பதினைந்து மடங்குக்கு மேல் ஏறும். முதுகெலும்பின் எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று நசுங்கும். உட்கார்ந்த வாக்கு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் முறிவுதான். 1999 மே 27 அன்று கார்கில் போரில் ஃப்ளைட் லெஃப்டினன்ட் நச்சிகேத்தா மிக்-27-ல் தாக்கிக்கொண்டிருந்தபோது எஞ்சின் அணைந்துவிட்டது. அவ்வளவு உயரத்தில் மறுபடி உயிர் வரவில்லை. குதித்தார், பிடிபட்டார், அடி வாங்கினார், எட்டு நாளில் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக விடுவிக்கப்பட்டார். அவர் விழுந்த இடத்தைத் தேடப் போன ஸ்க்வாட்ரன் லீடர் அஜய் அஹுஜா ஏவுகணைக்கு இரையானார்; திரும்பவில்லை. முதுகு அடிபட்டதால் நச்சிகேத்தா பிறகு போர் விமானத்தை விட்டுவிட்டுப் போக்குவரத்து விமானங்கள் ஓட்டினார்.

அபிநந்தன் ஆறு மாதத்தில், 2019 செப்டம்பரில், பதான்கோட்டில் மறுபடி மிக்-21-ல் ஏறினார். உடன் பறந்தவர் விமானப் படைத் தளபதி தனோவா. தனோவாவும் முன்பு ஒரு முறை விமானத்திலிருந்து குதித்துப் பிழைத்தவர்தான். அந்த இரண்டு முதுகும் ஒரே விமானத்தில் இருந்தது என்று எங்கள் பழைய பிரிவு ஆட்கள் பேசிச் சிரித்தோம்.

கேள்வி: 1971-ல் காணாமல் போனவர்கள் இன்னும் பாகிஸ்தான் சிறையில் இருக்கிறார்கள் என்று யூடியூபில் சொல்கிறார்களே? (முன்னாள் ராணுவத்தினர், வேலூர்)

நீங்கள் படையில் இருந்தவர், உங்களிடம் மழுப்ப முடியாது. காணாமல் போனவர்கள் என்று அரசாங்கப் பட்டியலில் 54 பேர். விமானிகளும் அதில் இருக்கிறார்கள். பாகிஸ்தான் தன்னிடம் யாரும் இல்லை என்கிறது. 1983-லும் 2007-லும் குடும்பத்தார் அங்கே போய்ச் சிறைகளைப் பார்த்தார்கள். யாரையும் காணாமல் திரும்பினார்கள். யூடியூப்காரர்கள் வாரத்துக்கு ஒருவரைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த வீடுகளில் அந்த வீடியோவையும் பார்ப்பார்கள் என்ற நினைப்பு அவர்களுக்கு இல்லை. இதில் எனக்குக் கோபம் வருகிறது, அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: நீங்கள் மடித்த பாராசூட் எப்போதாவது நிஜமாக விரிந்திருக்கிறதா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர், திருநெல்வேலி)

ஒரு தடவை. நம் எல்லைக்குள்தான். பயிற்சிப் பறப்பில் எஞ்சின் கோளாறு, வயல்காட்டுக்கு மேலே குதித்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் இருந்துவிட்டு, இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, கையில் ஒரு இனிப்பு டப்பாவோடு எங்கள் ஹாலுக்கு வந்தார். யார் மடித்தது என்று கேட்டார். என்னைக் கையைக் காட்டினார்கள்.

அப்போது நீளமேஜையில் வேறொரு பாராசூட் விரித்துக் கிடந்தது. பட்டுப்போல இருக்கும் துணி, ஒரு ஆள் நாலு ஆள் நீளத்துக்கு. கயிறுகளை எண்ணிப் பிரித்து, மடிப்பு நகராமல் ஈயக் குண்டுப் பைகளை வரிசையாக வைத்திருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்று, தொடலாமா என்று கேட்டார். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வாருங்கள் சார் என்றேன், எண்ணெய் படக்கூடாது. துடைத்துக்கொண்டு வந்தார். தொடவில்லை. மடித்து முடித்ததும் கருவிகளை நான் எண்ணுவதைப் பார்த்து, எதற்கு என்றார். ஒரு கொக்கியோ குண்டுப் பையோ உள்ளே தங்கிவிட்டால் விரியாது, அதனால் மூடுவதற்கு முன் எண்ணிக்கை சரியாக வர வேண்டும் என்றேன். அதன் பிறகு அவரும் கூடவே எண்ண ஆரம்பித்தார், வாய்க்குள்ளேயே.

அவர் போன பிறகு அந்தப் பழைய பாராசூட்டின் அட்டையை எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை உண்டு: மடித்த தேதி, மடித்தவர் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து, அடுத்து பிரிக்க வேண்டிய தேதி. என் கையெழுத்துக்கு எதிரே அடுத்த தேதி வருவதற்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல் பிரிவுத் தலைவரிடம் கேட்டேன். அவர் இனிப்பை மென்றுகொண்டே, 'குதித்த தேதியைப் போடு' என்றார். போட்டேன்.